அரைக்கிலோ எலும்பு, ஒரு தேங்காய், ஐந்து பேர்: சூப்பும் இஷ்டுவும் வைக்கும் வரிசை

போன ஐப்பசி மழையில் அக்கா மகள் எங்கள் வீட்டில் இரண்டு மாதம் தங்கியிருந்தாள். ஒருநாள் நான் எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துத் தக்கலைக்குப் போய்விட்டு வருவதற்குள் அவளே ஆட்டெலும்பு இஷ்டு (தேங்காய்ப்பால் ஊற்றும் ஸ்ட்யூ) வைத்திருந்தாள். எலும்பு, உருளைக்கிழங்கு, தக்காளி, மசாலாப்பொடி, தேங்காய்ப்பால் எல்லாவற்றையும் ஒரே குக்கரில் அடைத்து எட்டு விசில். திறந்து பார்த்தால் கிழங்கு கரைந்து கூழாகிவிட்டது, பால் திரிந்து எண்ணெயாக மிதக்கிறது, எலும்பிலிருந்த இறைச்சி மட்டும் ரப்பர் மாதிரி அப்படியே இருக்கிறது. சாமான் எல்லாம் நல்ல சாமான்தான். வரிசைதான் தப்பு.

அதற்குப் பிறகு பக்கத்து வீட்டுப் புதுமருமகளுக்கும், ரூம் எடுத்துத் தங்கிப் படிக்கும் இரண்டு பையன்களுக்கும் சொல்லிக் கொடுத்தேன். எல்லோரும் தடுக்கி விழுந்தது ஏறக்குறைய அதே இடங்களில். ஆகவே இங்கே சமையல் குறிப்பைவிட எது முன்னே, எது பின்னே, ஏன் என்பதுதான் அதிகம். நேரம் எடுப்பது முதலில், காய் அப்புறம், புளிப்பு அதற்கும் அப்புறம், தேங்காய் கடைசியில். அளவெல்லாம் ஐந்து பேருக்கு.

1. முதல்நாள் இரவே தயாராக வேண்டியவை

பாத்திரம் அதிகம் வேண்டாம். 5 லிட்டர் குக்கர், அடிகனமான ஒரு சருவம் அல்லது மண்சட்டி, ஒரு வடிகட்டி, அகப்பை. சிரட்டை அகப்பை இருந்தால் நல்லது, மண்சட்டியைச் சுரண்டாது.

சாமான்: எலும்பு 500 கிராம், காணம் (கொள்ளு) 150 கிராம், சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்) கால் கிலோ, தேங்காய் 1, உருளைக்கிழங்கு 300 கிராம், அன்றைக்குச் சந்தையில் மலிவாகக் கிடக்கும் இரண்டு காய், இஞ்சி, பூண்டு, நல்லமிளகு (குருமிளகு), சீரகம், கறிவேப்பிலை. இதை வைத்து இரண்டு நாளைக்கு மூன்று வேளைக் குழம்பும் சூப்பும் ஒப்பேற்றலாம்.

இரவில் செய்ய வேண்டியது இரண்டே வேலை. காணத்தைக் கல் பொறுக்கிக் கழுவி ஊறப் போடுவது ஒன்று (காணத்தில் கல் இல்லாமல் நான் இதுவரை பார்த்ததில்லை). இன்னொன்று, சோறு வடிக்கும்போது உப்புப் போடாத கஞ்சித்தண்ணியில் இரண்டு தம்ளர் எடுத்து ஃப்ரிட்ஜில் வைப்பது. சூப் கெட்டியாக வேண்டும் என்று சோளமாவு டப்பா வாங்குகிறார்கள். புழுங்கலரிசிக் கஞ்சித்தண்ணி அதே வேலையைச் சும்மா செய்யும்.

2. எலும்பு வாங்கும்போது கேட்க வேண்டியது

கடையில் போய் "சூப்புக்கு" என்று மட்டும் சொன்னால் கையில் கிடைப்பதைத் தள்ளிவிடுவார்கள். மூன்று வகையும் கலந்து கேளுங்கள். கழுத்தெலும்பில் இறைச்சி ஒட்டியிருக்கும், காலெலும்பில் மூளை (மஜ்ஜை) இருக்கும், மூட்டில் பசை இருக்கும். சாறு நாக்கில் ஒட்டினாற்போல் கனமாக இருப்பது அந்த மூட்டுப் பசையால்தான். மூட்டே இல்லாமல் வெறும் நெஞ்செலும்பை எவ்வளவு நேரம் கொதிக்கவிட்டாலும் சாறு தண்ணியாகத்தான் கிடக்கும்.

ஆடா மாடா என்பது அவரவர் வீட்டு வழக்கம். மாட்டெலும்பு விலை குறைவு, ஆனால் வேகும் நேரம் அதிகம், காஸ் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். வெளியே விறகடுப்பு இருந்து, ஓலையும் சிரட்டையும் சும்மா கிடந்தால் அந்தக் கவலையும் இல்லை.

3. முதல் கொதியைக் கொட்டிவிட்டு, அப்புறம் குக்கர்

எலும்பைக் கழுவிப் பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பில் ஏற்றுங்கள். வெந்நீரில் போடக் கூடாது. தண்ணீரோடு சேர்ந்து மெல்லச் சூடேறினால்தான் உள்ளே இருக்கும் ரத்தம் வெளியே வந்து நுரையாகத் திரளும். கொதி வந்து 5 நிமிடம் ஆனதும் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு எலும்பை ஒருமுறை அலசுங்கள்.

"சத்தெல்லாம் போயிடுமே சித்தி?" என்று அக்கா மகள் கேட்டாள். 5 நிமிடத்தில் போவது ரத்தமும் எலும்புத்தூளும்தான். பசையும் மூளையும் இறங்க மணிக்கணக்காகும். இந்தப் படியை விட்டால் சாறு கலங்கி, கவுச்சி அடிக்கும். அதை மறைக்கப் பட்டை, கிராம்பு என்று அள்ளிப் போட வேண்டியிருக்கும்.

இப்போது குக்கரில் அலசிய எலும்பு, 2 லிட்டர் புதுத் தண்ணீர், தட்டிய உள்ளி ஒரு கைப்பிடி, தட்டிய இஞ்சி ஒரு துண்டு, மஞ்சள்பொடி கால் தேக்கரண்டி. அவ்வளவுதான். மல்லிப்பொடி, வத்தல்பொடி (மிளகாய்ப்பொடி) எதுவும் இப்போது வேண்டாம், ஒருமணி நேரக் கொதியில் மணமெல்லாம் ஆவியாகப் போய்விட்டு கசப்பு மட்டும் மிஞ்சும். உப்பும் ஒரு சிட்டிகைக்கு மேல் வேண்டாம். இந்தச் சாற்றைப் பின்னால் எதில் ஊற்றப் போகிறோம், எவ்வளவு வற்றப் போகிறது என்று இப்போது தெரியாது.

முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்துக் கடிகாரத்தைப் பாருங்கள். ஆட்டெலும்புக்கு 40 நிமிடம், மாட்டெலும்புக்கு ஒருமணி நேரத்துக்கும் மேல். விசிலை எண்ணாதீர்கள். ஒரு வீட்டுக் குக்கர் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அடிக்கும், இன்னொன்று பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருக்கும்.

ஆவி தானாக அடங்கட்டும். அவசரப்பட்டு வெயிட்டைத் தூக்கினால் உள்ளே சாறு ஒரேயடியாகக் கொதித்துப் பொங்கும், கொழுப்பு சாற்றோடு அடித்துக் கலந்து வெள்ளையாகக் கலங்கிவிடும். கையும் வெந்துபோகும்.

4. வடித்து, பிரித்து, எலும்பை இன்னொரு முறை

சாற்றை வடிகட்டுங்கள். ஒன்றரை லிட்டருக்கு மேல் கிடைக்கும். 1 லிட்டர் இன்றைய சூப்புக்கு. மீதி நாளைய இஷ்டுவுக்கு, ஒரு பாத்திரத்தில் தனியாக.

எலும்பைத் தூர எறியாதீர்கள். கழுத்தெலும்பு இறைச்சியை உதிர்த்து எடுத்து வைத்துவிட்டு, எலும்பை மறுபடி 1 லிட்டர் தண்ணீரில் 30 நிமிடம் குக்கரில் வையுங்கள். இந்த இரண்டாம் சாறு மெலிசாக இருக்கும், தனியாகக் குடிக்க ஆகாது. மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) மசிக்கவும் பருப்பு வேகவைக்கவும் தண்ணீருக்குப் பதிலாக ஊற்றினால் ருசி நன்றாகக் கூடிவிடும்.

மறுநாள் ஃப்ரிட்ஜைத் திறந்தால் சாறு பனைநுங்கு மாதிரி உறைந்து, மேலே வெள்ளையாகக் கொழுப்பு மூடியிருக்கும். பக்கத்து வீட்டு மருமகள் இதைக் கெட்டுப்போச்சு என்று நினைத்துச் சாக்கடையில் ஊற்றிவிட்டு என்னிடம் வந்து சொன்னாள், எனக்கு வயிறு எரிந்தது. உறைந்தால்தான் மூட்டுப் பசை நன்றாக இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். சூடாக்கினால் இளகிவிடும். மேலே இருக்கும் கொழுப்பை எடுத்துத் தாளிக்க வைத்துக்கொள்ளுங்கள், எண்ணெய் மிச்சம்.

5. நல்லமிளகு சூப்

சருவத்தில் ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய். நறுக்கிய உள்ளியும் பூண்டும் வதங்கட்டும், சிவக்க வேண்டாம். 1 லிட்டர் சாற்றை ஊற்றி, உதிர்த்த இறைச்சியையும் போட்டு, கொதி வந்ததும் ஒரு தம்ளர் கஞ்சித்தண்ணி. இப்போதுதான் உப்பு.

நல்லமிளகு 2 தேக்கரண்டி, சீரகம் 1 தேக்கரண்டி, அம்மியிலோ உரலிலோ அப்போதைக்கு அப்போது ஒன்றிரண்டாகப் பொடித்து, இறக்க 2 நிமிடம் இருக்கும்போது போடுங்கள். மிளகின் மணம் ஆவியோடு பறந்துவிடும், காரம் மட்டும்தான் தங்கும். முதலிலேயே போட்டுவிட்டு மணமில்லையே என்று இன்னும் இரண்டு கரண்டி போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். குழந்தைகள் வாயை ஊதிக்கொண்டு எழுந்து போய்விடும். எலுமிச்சைச்சாறு அடுப்பை அணைத்த பிறகு.

முருங்கைக்கீரை சேர்ப்பதாக இருந்தால் அதுவும் கடைசி 2 நிமிடம், மூடி போடாமல். வெந்து குழைந்தால் கசக்கும். ஆடி மாதம் முருங்கைக்கீரை ஆகாது என்று எங்கள் மாமியார் சொல்வார், எங்கள் வீட்டில் அந்த மாதம் கீரை இல்லாத சூப்தான், நான் வாதாடுவதில்லை.

6. காணம்: தண்ணீர் சூப்புக்கு, பயறு துவரனுக்கு (பொரியலுக்கு)

எலும்பு வாங்க முடியாத வாரத்துக்கு இதுதான் கை கொடுக்கும். ஊறிய காணத்தைப் புதுத் தண்ணீர் ஒன்றரை லிட்டரில், முதல் விசிலுக்குப் பிறகு சிறுதீயில் 25 நிமிடம். விரலால் நசுக்கினால் மாவாக வேண்டும்.

வேகவில்லை என்று வந்தவர்கள் எல்லோரிடமும் நான் கேட்ட முதல் கேள்வி: புளியோ தக்காளியோ முன்னாலேயே போட்டீர்களா? போட்டிருப்பார்கள். புளிப்பு இருக்கும் தண்ணீரில் பயறும் கிழங்கும் இளகாது, வேகும் நேரம் இரட்டிப்பாகும். உப்பை முதலில் போட்டால் பயறு வேகாது என்பது இன்னொரு பேச்சு. காணத்தை உப்புப் போட்டும் போடாமலும் வேகவைத்துப் பார்த்துவிட்டேன், உப்பால் ஒரு தொந்தரவும் இல்லை. போர் தண்ணீர் உப்புக்கரிப்பாக, பாத்திரத்தில் வெள்ளைப் படிவு விடுவதாக இருந்தால் அது வேறு விஷயம். அந்தச் சுண்ணாம்பும் பயறை வேகவிடாது. கிணற்றுத் தண்ணீரோ குடிநீர்க் குழாய்த் தண்ணீரோ எடுங்கள்.

வெந்ததும் வடித்து, தண்ணீரைத் தனியாக எடுங்கள். இரண்டு கரண்டி காணத்தை மசித்து அந்தத் தண்ணீரிலேயே கலக்க வேண்டும். இதை விட்டுவிட்டுத்தான் அக்கா மகள், "என்ன சித்தி, தண்ணியா கிடக்கு?" என்றாள். அப்புறம் நெல்லிக்காய் அளவு புளி கரைத்து ஊற்றி, பச்சை வாசம் போகக் கொதித்ததும் பூண்டு, நல்லமிளகு, சீரகம் தட்டிப் போட்டு, நுரை கூடி வரும்போது இறக்கி, கடுகு, வத்தல், கறிவேப்பிலை தாளிக்கலாம்.

மீதிக் காணத்தை உள்ளி, பச்சைமிளகாய், தேங்காய்த் துருவல் போட்டுத் துவரன் வைத்தால் சோற்றுக்குத் தொடுகறியும் ஆச்சு.

7. இஷ்டு: தேங்காய்ப்பால் திரியாமல்

இங்கேதான் அதிகம் பேர் தோற்கிறார்கள், ஆகவே கொஞ்சம் விரிவாக.

தேங்காயைத் துருவி, அரைத் தம்ளர் இளஞ்சூட்டு வெந்நீர் விட்டு மிக்சியில் ஓட்டிப் பிழியுங்கள். இது முதல்பால், ஒரு தம்ளர் அளவு வரும். அதே துருவலில் ஒன்றரைத் தம்ளர் வெந்நீர் விட்டு இன்னொரு முறை, இது இரண்டாம்பால். வெந்நீர் எதற்கு என்றால், பச்சைத் தண்ணீரில் தேங்காயின் கொழுப்பு சரியாகக் கழலாது. ரொம்பக் கொதிக்கிற தண்ணீரும் ஆகாது, மிக்சி மூடி தெறித்துக் கூரையில் ஒட்டும்.

பிழிந்த சக்கையை (இங்கே சக்கை என்றால் பலாப்பழம், நான் சொல்வது தேங்காய்ச் சக்கை) அந்தக் காணத் துவரனில் போட்டுவிடலாம், தனியாக இன்னொரு தேங்காய் உடைக்க வேண்டாம்.

சருவத்தில் எண்ணெய் விட்டு ஒரு துண்டு பட்டை, 2 கிராம்பு, 2 ஏலம், நீளமாக அரிந்த இஞ்சி, கீறிய பச்சைமிளகாய் 4, நறுக்கிய சவாளா (பெரிய வெங்காயம்) ஒன்று. கண்ணாடி மாதிரி ஆனால் போதும், சிவந்தால் இஷ்டு நிறம் மாறும். இதில் நேற்றைய எலும்புச் சாறும் இரண்டாம்பாலும் ஊற்றி, முதலில் உருளைக்கிழங்கு. 7 நிமிடம் கழித்து கேரட், பீன்ஸ். பட்டாணி இருந்தால் அதற்கும் அப்புறம். உருளைக்கிழங்கைப் பெரிய நெல்லிக்காய் அளவுக்கும், மற்றதை அதைவிடச் சின்னதாகவும் நறுக்கினால் ஒன்றாக வேகும். தக்காளி வேண்டாம், புளிப்புப் பட்டால் பால் திரியும்.

பலாப்பழக் காலத்தில் காய்கறிக்குப் பாதி செலவே ஆகாது. சக்கைக்கொட்டையின் வெள்ளைத் தோலை உரித்து, தனியாகக் குக்கரில் 15 நிமிடம் வேகவைத்து, பீன்ஸ் போடும் நேரத்தில் சேருங்கள். இறைச்சி குறைந்ததே தெரியாது, வயிறும் நிறையும். ஏத்தங்காயும் (நேந்திரங்காய்) போடலாம், ஆனால் அது சாற்றை உறிஞ்சும், கூட ஒரு தம்ளர் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள்.

கிழங்கு வெந்ததும் இரண்டு மூன்று துண்டை அகப்பையால் சருவத்தின் ஓரத்தில் வைத்து நசுக்கிக் கலக்குங்கள். அந்த மாவு பாலைப் பிடித்து நிறுத்தும். நம்பிக்கை இல்லையென்றால் ஒரு தேக்கரண்டி அரிசிமாவை முதல்பாலில் கரைத்துக்கொள்ளுங்கள். உப்புப் பார்த்துச் சரிசெய்துவிட்டு, தீயை நன்றாகக் குறைத்து, முதல்பாலை ஊற்றி ஒரே பக்கமாகக் கலக்குங்கள். ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழி வரத் தொடங்கியதும் அணைத்துவிட வேண்டும். தளதளவென்று கொதிக்கவிட்டால் பாலிலிருக்கும் புரதம் கட்டியாகி எண்ணெய் பிரியும், அப்புறம் என்ன செய்தாலும் சேராது.

கடைசியாக உள்ளியும் கறிவேப்பிலையும் தேங்காய் எண்ணெயில் தாளித்து மேலே. ஆப்பம் இல்லாவிட்டால் பரவாயில்லை, புட்டுக்கும் இடியாப்பத்துக்கும் நேற்றைய சோற்றுக்கும் இது போகும்.

8. எலும்பும் மரச்சீனியும்

இரண்டாம் சாற்றுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. 1 கிலோ கிழங்கு ஐந்து பேருக்கு ஒருவேளைச் சாப்பாடு. பிடுங்கி ஒருநாள் இரண்டு நாளுக்குள் இருக்கும் கிழங்காகப் பாருங்கள். ஒடித்தால் உள்ளே கறுப்பு நீலக் கோடு ஓடியிருந்தால் வேண்டாம்.

மேல்தோலோடு உள்ளே இருக்கும் தடித்த தோலையும் உரித்து, துண்டாக்கி, நிறையத் தண்ணீரில் மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரை முழுதாக வடித்துக் கொட்டுங்கள். இதை மட்டும் யார் சொன்னாலும் விடாதீர்கள். மரச்சீனியில் இயற்கையாகவே சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது, அது தண்ணீரிலும் ஆவியிலும் போக வேண்டும். சாறு வீணாகக் கூடாது என்று கிழங்கைப் பச்சையாகவே எலும்புச் சாற்றில் போட்டு மூடி வைத்தான் படிக்கிற பையன்களில் ஒருவன். நல்லவேளை, அடுப்பு மூட்டுவதற்கு முன்னால் பார்த்துவிட்டேன். வெந்த பிறகும் கசக்கிற கிழங்கைத் துப்பிவிடுங்கள்.

வடித்த கிழங்கில் இரண்டாம் சாற்றை ஊற்றி, தேங்காய், சீரகம், பச்சைமிளகாய், உள்ளி, மஞ்சள் ஒன்றிரண்டாக அரைத்துப் போட்டு, பாதி மசித்து பாதி துண்டாக விட்டு, எலும்பைக் கலந்து 5 நிமிடம். சூட்டோடு சாப்பிட வேண்டும், ஆறினால் கட்டியாகிவிடும்.

9. மீன்தலைச் சாறு

மீன் வாங்குவதற்கு நாள்காட்டி தெரிய வேண்டும். விசைப்படகுகளுக்குக் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. நம் மாவட்டத்துக்கு இரண்டும் பொருந்தும்: சின்னமுட்டம் கிழக்கில் சேர்ந்தது, குளச்சலும் தேங்காப்பட்டணமும் மேற்கில். அந்த மாதங்களில் விலை ஏறும், அப்போது காணத்துக்குத் திரும்பிவிடுங்கள்.

பாறை, விளமீன் போல வெள்ளைச் சதை மீனின் தலை சாற்றுக்கு நல்லது. செவுளை முழுதாகப் பிடுங்கி எறிய வேண்டும், கசப்பும் நாற்றமும் அங்கேதான் இருக்கிறது. எலும்புச் சாறு மாதிரி மணிக்கணக்கில் வேகவைக்காதீர்கள். 20 நிமிடம் மூடாமல் மெல்லக் கொதித்தால் போதும், அதற்கு மேல் போனால் சாறு கசந்துவிடும்.

இங்கே மட்டும் புளிப்பு முன்னாலேயே வரலாம், மீனுக்கு வேகும் பிரச்சினை இல்லையே. 2 துண்டு குடம்புளியை முதலிலேயே தண்ணீரில் போட்டுவிடுங்கள், மீனும் உடையாமல் நிற்கும்.

சாளை (மத்தி), அயிலை (கானாங்கெளுத்தி), சூரை வாங்கினால் ஐஸ் போட்ட மீனாகவோ அப்போதுதான் கரையேறியதாகவோ இருக்கட்டும். வெயிலில் கிடந்த இந்த மீன்களில் உருவாகும் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் எவ்வளவு கொதித்தாலும் போகாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, உடம்பு அரித்து, தலை வலிக்கும். மலிவாகக் கிடைத்ததே என்று சாயங்காலம் வாங்கி ஒருமுறை நானும் பட்டிருக்கிறேன்.

10. மிஞ்சியதை வைப்பதும், உப்பு கூடினால் செய்வதும்

சூடான சருவத்தை அப்படியே ஃப்ரிட்ஜில் தள்ளாதீர்கள், வெளியிலும் இரவு முழுக்க விடாதீர்கள். அகலமான பாத்திரத்தில் பச்சைத் தண்ணீர் ஊற்றி, அதற்குள் சருவத்தை வைத்துக் கலக்கிக்கொண்டே இருந்தால் அரைமணி நேரத்தில் ஆறும். இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே போக வேண்டும். தேங்காய் சேர்ந்தது சீக்கிரம் புளிக்கும். ஒரு பெருநாள் இரவு அசதியில் அப்படியே தூங்கிவிட்டு, காலையில் ஒரு சருவம் இஷ்டுவைத் தென்னை மரத்தடியில் கொட்டினேன்.

ஆகவே மிஞ்சும் என்று தெரிந்தால் முதல்பால் ஊற்றும் முன்னாலேயே பாதியை எடுத்து வைத்துவிடுங்கள். மறுநாள் அதை நன்றாகக் கொதிக்கவிட்டு, அப்புறம் பாலை ஊற்றலாம். முதல்பால் தனியாக ஃப்ரிட்ஜில் ஒருநாள் தாங்கும். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் அன்றைக்கு முடியும் அளவு மட்டும் வையுங்கள், பாதி எலும்பு, பாதித் தண்ணீர்.

உப்பு கூடிவிட்டால் ஒரு உருளைக்கிழங்கைப் போட்டு எடுங்கள் என்பார்கள். கிழங்கு உப்புத்தண்ணியைத்தான் குடிக்கும், உப்பை மட்டும் பிரித்து உறிஞ்சாது, மிஞ்சும் குழம்பு அதே கரிப்பில்தான் இருக்கும். உப்பில்லாத கஞ்சித்தண்ணி ஒரு தம்ளரும் வெந்த காய் ஒரு கைப்பிடியும் சேர்த்துக் கொதிக்கவிடுங்கள். ஐந்து பேருக்கு வைத்தது ஆறு பேருக்கு வரும்.